எந்த வேகம் கேட்டாலும் 7200: அரியாங்குப்பம் சிஎன்சி ஒன்றின் ஸ்பிண்டில் ஒயரிங்

புகார் ஒரே வரிதான். நிமிடத்துக்கு 24000 சுற்று வேண்டும் என்று கம்ப்யூட்டரிலிருந்து எஸ்24000 கொடுத்தாலும், வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் 7200-இல் சுற்றுகிறது, எஸ்8000 கொடுத்தாலும் 7200-இல்தான் சுற்றுகிறது. ஸ்பிண்டிலுக்குப் போகும் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை ஆளும் விஎஃப்டி பெட்டியின் முகப்பில் சிவப்பு எண் 120.0 என்று நிற்கிறது. அசைய மாட்டேன் என்கிறது.

இயந்திரம் கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சிஎன்சி; புதுச்சேரி அரியாங்குப்பத்தில், வீட்டுக்குப் பின்னால் போட்ட தகரக் கொட்டகையில் இருக்கிறது. வைத்திருப்பவர் பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேக்கிலும் வேம்பிலும் வாசல் பெயர்ப்பலகை, பூஜையறைக் கதவுக்குப் பூவேலைத் துண்டு, கடைகளுக்கு அக்ரிலிக் எழுத்து என்று வெட்டிக் கொடுக்கிறார். சட்டகம் முழுக்க அவர் கையால் கட்டியது: அலுமினியம் புரொஃபைல், 900-க்கு 600 மில்லிமீட்டர் வேலைப்பரப்பு, மூன்று அச்சிலும் பால் ஸ்க்ரூ. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல இடமில்லை. மின்சாரப் பக்கம் மட்டும் வீடியோ பார்த்துப் போட்டது.

ஸ்பிண்டில் 1.5 கிலோவாட், தண்ணீரில் குளிரும் வகை, பிட்டைப் பிடிக்க ஈஆர்11 காலெட், 400 ஹெர்ட்ஸில் 24000 சுற்று. அதை ஓட்டுவது ஒற்றை ஃபேஸில் வேலை செய்யும் 220 வோல்ட் ஹுவான்யாங் விஎஃப்டி. மூளையாக, ஃபைலின் கட்டளைகளைப் படித்து இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள் ஏற்றிய ஆர்டுயினோ ஊனோ பலகை, அதன் தலைமேல் சிஎன்சி ஷீல்டு பலகை. அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களின் டிரைவர்கள் தனியாக வெளியே. ஆர்டுயினோவுக்கும் விஎஃப்டிக்கும் நடுவில், துடிப்பின் அகலத்தால் அளவு சொல்லும் பிடபிள்யூஎம் சிக்னலை 0–10 வோல்ட்டாக மாற்றும் சின்ன மாட்யூல் ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது.

ஏன் நாப் போதவில்லை

விஎஃப்டியின் முகப்பிலேயே வேகம் கூட்டிக் குறைக்கிற நாப் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஆயிற்று, கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கலாம். தேக்கு மட்டும் வெட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி நியாயம்தான். நானும் சிலரிடம் நாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இவருக்கு வந்த தொல்லை அக்ரிலிக்கில். ஒற்றைப் பல் 3 மில்லிமீட்டர் பிட்; இந்தச் சட்டகம் அக்ரிலிக்கில் நிமிடத்துக்கு 1200 மில்லிமீட்டர் வரை அதிராமல் ஓடும். 12000 சுற்றில் பிட்டின் பல் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.1 மில்லிமீட்டர் சீவி எடுக்கிறது. அதே ஓட்டத்தில் 24000 சுற்று விட்டால் 0.05-தான். சீவல் மெலிந்தால் சூட்டை வெளியே எடுத்துப் போக ஆளில்லை. பிட் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கும், அக்ரிலிக் உருகிப் பிட்டைச் சுற்றி மெழுகுபோல் இறுகிக்கொள்ளும். காலையில் தேக்குக்கு 18000-இல் வி-பிட் ஓட்டிவிட்டு, மாலையில் அக்ரிலிக் மாட்டும்போது நாப்பைத் திருப்ப மறந்தால் ஒரு ஷீட் போச்சு. ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் தேருக்கு முந்தைய வாரங்களில் கடைக்காரர்கள் போர்டு கேட்டு நெருக்கும்போது இப்படித்தான் ஷீட்டுகள் வீணாகியிருக்கின்றன. வேகம் என்பது ஃபைலோடு சேர்ந்தே வரவேண்டும் என்று அவர் முடிவு செய்தது சரியான முடிவு.

நாப்பில் இன்னொரு குறை உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. வேலை முடிந்து ஃபைல் எம்5, அதாவது நிறுத்து, என்று சொன்னாலும் ஸ்பிண்டில் நிற்காது. அங்கே கம்ப்யூட்டர் பேச்சை யாரும் கேட்பதில்லை.

சங்கிலியை அறுத்து அளப்பது

திரையில் எழுதிய எஸ் எண் பிட்டின் நுனிக்குப் போய்ச் சேர நான்கு கை மாறுகிறது. ஜிஆர்பிஎல் அந்த எண்ணைப் பிடபிள்யூஎம் அகலமாக்குகிறது. மாட்யூல் அந்த அகலத்தை வோல்ட் ஆக்குகிறது. விஎஃப்டி வோல்ட்டை ஹெர்ட்ஸ் ஆக்குகிறது. மோட்டார் ஹெர்ட்ஸைச் சுற்றாக்குகிறது. நான்கையும் ஒரே மூச்சில் இணைத்துவிட்டு ஸ்பிண்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றால் தப்பு எங்கே என்று ஒருநாளும் தெரியாது. இரண்டு தப்புகள் சேர்ந்து ஒன்றை ஒன்று மறைக்கவும் செய்யும். இங்கே அதுதான் நடந்திருந்தது.

முதலில், வேகத்துக்கான வோல்ட்டை வாங்கும் விஎஃப்டியின் விஐ முனைக்குப் போகிற ஒயரைக் கழற்றி வைத்தேன். விஎஃப்டியைத் திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை: மெயின் அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தங்கியிருக்கும். முகப்பு விளக்கு அணைந்ததை நம்பாமல் பத்து நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

விஐ முனையில் ஒன்றும் இல்லாதபோதும் விஎஃப்டி அதே 120.0 காட்டியது. விஷயம் பாதி புரிந்துவிட்டது. 120 ஹெர்ட்ஸ் என்பது விஎஃப்டியின் அமைப்புப் பட்டியலில் பிடி011-இல் எழுதிய கீழ் வரம்பு. சிக்னலே வராதபோது விஎஃப்டி அந்த வரம்பில் நிற்கிறது. 400 ஹெர்ட்ஸுக்கு 24000 என்றால் 120-க்கு 7200. ஆக, விஎஃப்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பலகையில் அச்சிட்ட பெயர்

மாட்யூலின் உள்பக்கத்தில் மீட்டர் வைத்தால் 1.1 வோல்ட். எஸ் என்ன கொடுத்தாலும் 1.1. பிடபிள்யூஎம் என்றால் எஸ் மாற மாற சராசரி வோல்ட்டும் ஏறி இறங்க வேண்டும்.

ஒயர் போயிருந்த இடம் சிஎன்சி ஷீல்டில் ஸ்பிண்டில் எனேபிள் என்று அச்சிட்ட பின். பெயரைப் பார்த்தால் யாரும் அங்கேதான் போடுவார்கள். ஆனால் அந்தப் பலகையை வடிவமைத்த பிறகு ஜிஆர்பிஎல் பின்களை மாற்றிவிட்டது. ஊனோவில் ஸ்பிண்டில் முன்பு இருந்த டி12 பின்னுக்கு டைமர் பிடபிள்யூஎம் வசதி இல்லை, டி11-க்கு உண்டு. அதனால் வேகக் கட்டுப்பாடு வந்த பதிப்புகளில் ஸ்பிண்டில் டி11-க்குப் போனது, மேல்-கீழ் அச்சான இசட்டின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்ச் டி12-க்கு வந்தது. பலகையில் அச்சு மட்டும் பழையபடியே. ஸ்பிண்டில் எனேபிள் என்று எழுதியிருப்பது டி12, அதாவது இன்றைய இசட் லிமிட். இசட் எண்ட்ஸ்டாப் என்று எழுதியிருப்பது டி11, அதாவது இன்றைய பிடபிள்யூஎம்.

இது தெரிந்ததும் இன்னொரு பழைய மர்மம் தானாக அவிழ்ந்தது. மாட்யூலை மாட்டிய நாளிலிருந்து, அச்சுகள் லிமிட் ஸ்விட்சைத் தேடிப் போகும் ஹோமிங் போட்டாலே அலாரம் அடிக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். "அதனால அந்த லிமிட்டையே ஆஃப் பண்ணிட்டேன் தம்பி, அது இல்லாமலே நல்லாத்தான் ஓடுது" என்றார். லிமிட் பின்னை ஆர்டுயினோ உள்ளிருந்தே பலவீனமான ரெசிஸ்டர் மூலம் 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும். மாட்யூலில் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளரின் எல்இடி அதை 1.1-க்கு இறக்கிவிட்டது. 1.5-க்குக் கீழே என்றால் ஊனோவுக்கு அது பூஜ்யம். இசட் ஸ்விட்ச் அழுந்தியிருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது. ஜிஆர்பிஎல்லிடம் கேள்விக்குறி ஒன்றை அனுப்பி நிலை கேட்டால், அழுந்திய பின்களின் பட்டியலில் இசட் எப்போதும் நின்றது.

மறுபக்கம், நிஜ இசட் ஸ்விட்ச் டி11-இல் மாட்டியிருந்தது. ஸ்பிண்டில் ஓடும்போது இசட் மேலே போய் அந்த ஸ்விட்சைத் தொட்டிருந்தால் பிடபிள்யூஎம் வெளியீடு நேராகக் கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருக்கும். ஊனோவின் ஒரு பின் தாங்கும் உச்சவரம்பு 40 மில்லி ஆம்பியர். பின் பிழைத்தது அதிர்ஷ்டம். இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி, லிமிட்டைத் திரும்ப உயிர்ப்பித்தோம்.

ஒன்றுமில்லாததிலிருந்து உச்சத்துக்கு

ஒயரை மாற்றியதும் மீட்டரில் எஸ்8000-க்கும் உச்ச வோல்ட், எஸ்24000-க்கும் உச்ச வோல்ட். "முன்னாடியாவது மெதுவா ஓடுச்சு" என்று சிரித்தார்.

இது எளிது. ஜிஆர்பிஎல் 1.1-இல் $30 என்ற அமைப்பு முழு வோல்ட்டுக்கு உரிய சுற்று. ஏற்றும்போது இருக்கும் இயல்பு மதிப்பு 1000. ஆயிரத்துக்கு மேல் எதைக் கேட்டாலும் அதற்கு உச்சம்தான். $30=24000 என்று எழுதியதும் எஸ்12000-க்கு டி11-இல் சராசரி 2.5 வோல்ட் வந்தது. $32 பூஜ்யம்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; அது லேசர் முறை.

$31 பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். குறைந்தபட்ச வேகம் என்று அதற்குப் பெயர் இருப்பதால் அங்கே 7200 எழுதச் சொல்லி ஆலோசனை கிடைக்கும். அது கீழே போகாமல் தடுக்கும் வேலி மட்டும் அல்ல, கணக்கின் தொடக்கப் புள்ளியும் அதுவே. அங்கே 7200 எழுதினால், எஸ்7200-க்கே பூஜ்யத்தை ஒட்டிய வோல்ட் போகும். எஸ்12000-க்கு மாட்யூலிலிருந்து 5 வோல்ட்டுக்குப் பதில் 2.9 வோல்ட் சுமார்தான் போகும். விஎஃப்டி அதை 7000-க்கும் சற்றுக் கீழே என்று படிக்கும். விஎஃப்டி பக்கமும் பூஜ்ய வோல்ட்டுக்கு 120 ஹெர்ட்ஸ் என்று பிடி073-ஐ மாற்றினால் கணக்கு மறுபடி பொருந்தும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பொருந்தாது. நான் $31-ஐப் பூஜ்யமாகவே விட்டு, வேலியை விஎஃப்டியின் பிடி011-இல் வைத்தேன். எஸ்5000 என்று யாராவது தவறுதலாக எழுதினால் 7200-இல் ஓடும். மோட்டாருக்குக் கெடுதல் இல்லை.

எட்டரை வோல்ட்டில் ஒரு கூரை

அடுத்தது மாட்யூலின் வெளிப்பக்கம். விஐ ஒயர் இன்னும் கழற்றியே இருக்கிறது. எஸ்12000-க்கு 5.00 வோல்ட் வருமாறு மாட்யூலில் உள்ள சின்னத் திருகைச் சரிசெய்தேன். எஸ்18000-க்கு 7.5 சரியாக வந்தது. எஸ்21000-க்கு 8.75 வரவேண்டும், வந்தது 8.5. எஸ்24000-க்கும் அதே 8.5.

கீழே நேர்கோடு, மேலே போய்த் தட்டுகிறது என்றால் திருகில் குற்றமில்லை, சப்ளையில் குற்றம். மாட்யூலுக்கு மின்சாரம் விஎஃப்டியின் 10 வோல்ட் முனையிலிருந்து எடுத்திருந்தார். 10 வோல்ட் வேண்டும், இங்கே 10 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, அதனால் எடுத்தேன் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது எல்எம்358 என்ற ஆம்ப்ளிஃபையர் சிப். அதன் வெளியீடு சப்ளையின் உச்சி வரை எட்டாது, ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். பத்து கொடுத்தால் எட்டரைதான் கிடைக்கும். அந்த 10 வோல்ட் முனையும் வெளியே பொட்டென்ஷியோமீட்டர் மாட்டத் தந்தது, சர்க்யூட் ஓட்டத் தந்ததல்ல.

24 வோல்ட் சிறு எஸ்எம்பிஎஸ் சப்ளை ஒன்றைத் தனியாகப் போட்டேன். ஸ்டெப்பருக்கான சப்ளையிலிருந்தே இழுத்தால் என்ன என்று அவர் கேட்டார். இழுக்கக் கூடாது. மாட்யூலில் ஆப்டோகப்ளர் இருப்பதன் முழுப் பயனும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் விஎஃப்டியின் சிக்னல் கிரவுண்டான ஏசிஎம்மும் தொடாமல் இருப்பதில்தான். ஒரே சப்ளையில் இரண்டு பக்கமும் வந்தால் அந்தத் தடுப்பை நாமே பாலம் போட்டு உடைத்தது போலாகும். சில மாட்யூல்களில் பலகையிலேயே இரண்டு கிரவுண்டும் ஒன்றாக இருக்கும், அதனால் வாங்கியதும் மீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இதில் வரவில்லை.

சப்ளை 24 ஆனதும் ஓர் ஆபத்து கூடவே வருகிறது: திருகை அதிகம் திருப்பினால் 10-ஐத் தாண்டியும் வோல்ட் போகும். விஐ முனை அதற்காகச் செய்ததல்ல. அதனால்தான் ஒயரைக் கடைசிவரை கழற்றியே வைத்திருந்தது. எஸ்24000-க்கு 10.0 என்று உறுதியான பிறகு, ஆர்டுயினோ ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெளியீடு பூஜ்யத்துக்கு இறங்கியது. சில மாட்யூல்கள் இதில் தலைகீழாக நடந்துகொள்ளும், சிக்னல் அறுந்தால் உச்சத்துக்குப் போகும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விஎஃப்டியில் எழுதியவை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பிடி005, உச்ச ஹெர்ட்ஸ் 400. அதை எழுதாமல் மற்றவற்றில் 400 போட்டால் ஏற்காது. பிறகு பிடி004-இல் 400. பிடி001-இல் 1, ஓட்டக் கட்டளை வெளி முனையிலிருந்து. பிடி002-இல் 1, வேகம் வெளி வோல்ட்டிலிருந்து. பிடி070-இல் 0, அதாவது 0–10 வோல்ட். பிடி072-இல் 400, இது பலர் விட்டுவிடுவது, விட்டால் முழு 10 வோல்ட்டுக்கும் ஸ்பிண்டில் தவழும். பிடி143-இல் 2 துருவம், பிடி144-இல் 3000. கடைசி எண்ணைப் பார்த்து அவர் பதறினார். அது 50 ஹெர்ட்ஸுக்கான கணக்கு. 400 ஹெர்ட்ஸ் அதைப்போல் எட்டு மடங்கு, 24000. முனைப்பலகை அருகே விஐ-யை உள் நாப்புக்கா வெளி ஒயருக்கா என்று தேர்ந்தெடுக்கும் ஜம்பர் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓடவும் நிற்கவும் தனி ஒயர்

வோல்ட் பூஜ்யமானால் ஸ்பிண்டில் நின்றுவிடும் என்று நம்பி, ஓடு என்று சொல்லும் எஃப்ஓஆர் முனையை அதன் பொது முனையான டிசிஎம்மோடு நிரந்தரமாகக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கீழ் வரம்பு 120 ஹெர்ட்ஸ். வோல்ட் ஒயர் அறுந்தால் ஸ்பிண்டில் நிற்காது, 7200-இல் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் வேலையை வேக ஒயரிடம் ஒப்படைக்கக் கூடாது.

அவர் ஒரு சாதா டாகிள் ஸ்விட்ச் வைத்திருந்தார். அதற்குப் பதில் ரிலே. ஜிஆர்பிஎல்லின் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியின் முன்னுள்ள கமெண்ட் குறியை எடுத்துத் திரும்ப ஏற்றினால், திசை காட்டும் டி13 பின் எனேபிள் பின்னாக மாறும். இடஞ்சுழி ஓட்டம் போய்விடும். மர பிட்டுக்கு அது வேண்டியதில்லை.

டி13-க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊனோவின் போர்டு மேல் இருக்கும் எல்இடி அதே பின்னில்தான். யூஎஸ்பி இணைப்பைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆகி, பூட்லோடர் அந்த எல்இடியைப் படபடவென்று சிமிட்டும். ரிலேயும் சேர்ந்து டக் டக் என்று அடிக்கும். ஸ்பிண்டில் அரை நொடி உதறும். பிட்டை மாற்றிக்கொண்டிருக்கும் கை காலெட்டில் இருக்கும்போது, வீட்டுக்குள் யாரோ கம்ப்யூட்டரைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குக் கெபாசிட்டர் போட்டுத் தாமதம் செய்யலாம். நான் பழைய வழியைத் தேர்ந்தெடுத்தேன்: ரிலேயோடு தொடரில் ஒரு சாவி ஸ்விட்ச். சாவி போட்டுத் திருப்பினால்தான் எஃப்ஓஆர் வழி முழுமை பெறும். பிட் மாற்றும்போது சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மில்லில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அவரே சாவிக்குச் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார். அவசர நிறுத்தப் பட்டன் முன்பு ஸ்டெப்பர் சப்ளையை மட்டும் வெட்டியது; அதன் இரண்டாவது காண்டாக்டையும் இதே வழியில் சேர்த்தேன். விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே மட்டும் எந்த ஸ்விட்சும் போடக் கூடாது. ஓடும்போது அந்த வழி அறுந்தால் விஎஃப்டியே போய்விடலாம்.

எர்த்

வேகம் சரியான அன்றே அடுத்த நோய் வந்தது. ஸ்பிண்டில் வேகம் பிடிக்கும்போது யூஎஸ்பி இணைப்பு விழுந்தது. விழாத நேரத்தில் லிமிட் ஸ்விட்ச் அலாரம். எதையும் தொடாமலேயே.

நான் கேட்பதற்கு முன் அவரே ஒன்று சொன்னார். "ஸ்பிண்டில தொட்டா சுருக்குனு இழுக்குது தம்பி. செருப்பு போட்டுக்கிட்டுத்தான் பிட்டு மாத்துறேன்." எவ்வளவு காலமாக என்று கேட்டேன். "மொதல்லேருந்தே."

அண்ணே, இதை நீங்க மொதல்ல சொல்லியிருக்கணும் என்றேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை அவர். நானோ மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

ஸ்பிண்டிலின் தலையில் நான்கு பின் வட்டக் கனெக்டர். மூன்று ஃபேஸுக்கு, நான்காவது எர்த்துக்கு. விஎஃப்டியின் எர்த் முனையிலிருந்து ஒயர் நான்காவது பின் வரை ஒழுங்காகவே வந்திருந்தது. எல்லாவற்றையும் அணைத்து, கனெக்டரைக் கழற்றி, நான்காவது பின்னுக்கும் ஸ்பிண்டில் உடம்புக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். பீப் இல்லை. மேல்மூடியைத் திறந்தால் மூன்று பின்களில் சுருள் ஒயர் பற்ற வைத்திருக்கிறது, நான்காவது பின் மொட்டையாக நிற்கிறது. மலிவு விலை ஸ்பிண்டில்களில் இது அடிக்கடி பார்க்கிற காட்சி. வாங்கியதும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் மின்சாரம் கொடுக்கக் கூடாது.

அந்தக் குறுகிய தலைக்குள் பற்றவைப்பதைவிட வெளியே போடுவது பத்திரம் என்று தோன்றியது. ஸ்பிண்டிலைப் பிடிக்கும் கிளாம்பில் ஒரு துளை, மறை போட்டு, லக் வைத்த பச்சை மஞ்சள் ஒயர், நேராக விஎஃப்டியின் எர்த் முனைக்கு. கிளாம்ப் அனோடைஸ் செய்த அலுமினியம். அந்தப் பூச்சு மின்சாரத்தை விடாது. லக் உட்காரும் இடத்தையும், கிளாம்ப் ஸ்பிண்டிலைத் தொடும் உள்விளிம்பையும் பளபளவென்று சுரண்டிய பிறகுதான் ஒரு ஓமுக்குக் கீழே வந்தது.

சுருக்கென்பது குறைந்தது, போகவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 17 வோல்ட். கொட்டகையின் எர்த் குழியைத் தேடினோம். முருங்கை மரத்தடியில் ஜிஐ பைப், மேலே கிளாம்ப். கிளாம்பை ஸ்பேனரால் தொட்டதும் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், எர்த்துக்கு நல்லதுதான். அதே உப்பு பைப்பையும் நட்டையும் தின்றுவிடும். இங்கே எர்த் குழியைப் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. செம்பு பூசிய ராடு ஒன்றை அடித்து, புது கிளாம்ப், அதன்மேல் கிரீஸ். நியூட்ரல்-எர்த் அளவு 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. அவர் வெறுங்காலோடு போய் ஸ்பிண்டிலைத் தொட்டுப் பார்த்தார். நான் சொல்லிச் செய்ததல்ல.

பாதி இரைச்சல் இதிலேயே அடங்கிவிட்டது. மிச்சத்துக்கு ஒயர் பாதை. மோட்டார் கேபிளை நான்கு கோர் ஷீல்டட் கேபிளாக மாற்றி, ஷீல்டை விஎஃப்டி முனையில் எர்த் செய்தேன். விஐ, ஏசிஎம் இரண்டும் முறுக்கிய ஷீல்டட் ஒயரில், ஷீல்டு விஎஃப்டி பக்கம் மட்டும் கட்டி, ஆர்டுயினோ பக்கம் வெட்டி டேப் சுற்றி விட்டது. மோட்டார் கேபிளும் சிக்னல் ஒயரும் ஒரே டக்டில் கைகோத்துப் போய்க்கொண்டிருந்தன. பிரித்து, குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்கோணத்தில் குறுக்கிட வைத்தேன். லிமிட் பின்களில் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். யூஎஸ்பி கேபிள் குட்டையானதாக மாறியது, இரைச்சல் அடக்கும் ஃபெரைட் ஒன்றும் ஏறியது. அலாரம் போயிற்று.

ஓட்டிப் பார்த்ததும் ஃபைலில் மாற்றியதும்

காலெட் நட்டில் கருப்பு மை பூசி, பளபளக்கும் டேப் ஒரு துண்டு ஒட்டி, லேசர் டாக்கோமீட்டரால் அளந்தேன். விஎஃப்டியின் முகப்பில் எஸ்8000-க்கு 133 ஹெர்ட்ஸ், எஸ்12000-க்கு 200, எஸ்18000-க்கு 300, எஸ்24000-க்கு 400. ஓரிரு ஹெர்ட்ஸ் முன்பின் இருக்கும். ஊனோவின் பிடபிள்யூஎம்முக்கு 256 படிகள்தான்; 24000-ஐ அதில் பங்கிட்டால் ஒரு படி 90 சுற்றுக்குச் சற்று மேல். அக்ரிலிக்குக்கு 12000-ஆ 12090-ஆ என்பது பொருட்டே அல்ல. டாக்கோமீட்டர் எண் ஹெர்ட்ஸ் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். இன்டக்ஷன் மோட்டாரின் இயல்பு அது.

ஜிஆர்பிஎல் எம்3, அதாவது ஓடு, என்று சொன்னதும் ஸ்பிண்டில் வேகம் பிடிக்கும்வரை காத்திருக்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். வேகம் ஏற 6 நொடி வைத்திருக்கிறோம். அதற்குள் பிட் மரத்தில் இறங்கினால் ஒடியும். ஃபைல் தயாரிக்கும் போஸ்ட் பிராசஸரில் எம்3-க்குப் பின் ஜி4 பி8, அதாவது காத்திரு என்ற கட்டளை, சேர்த்தாயிற்று. ஜிஆர்பிஎல்லில் அந்த 8 என்பது நொடி. சில மென்பொருள்களில் அதே எண் மில்லி நொடியாக இருக்கும். வேறு இயந்திரத்துக்கு எழுதிய ஜி4 பி8000 இங்கே வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கும். இறங்கு நேரத்தையும் 6 நொடிக்குக் கீழே குறைக்கவில்லை. பிரேக் ரெசிஸ்டர் இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் விஎஃப்டி அதிக வோல்ட் என்று ட்ரிப் ஆகும்.

ஆர்எஸ்485 வழியே எண்ணாகவே வேகத்தை அனுப்பலாமே, வோல்ட் விளையாட்டே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். லினக்ஸ்சிஎன்சியில் இந்த விஎஃப்டிக்கென்றே டிரைவர் இருக்கிறது. இந்த வரிசை பேசுவது வழக்கமான மோட்பஸ் அல்ல, சொந்த வட்டார வழக்கு. சாதா ஊனோவின் ஜிஆர்பிஎல்லுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் மாற்றினால் செய்யலாம். ஆனால் 0–10 வோல்ட்டில் கோளாறு வந்தால் அரியாங்குப்பத்தில் எந்த எலெக்ட்ரீஷியனும் மீட்டர் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். கொட்டகைப் பட்டறைக்கு அது பெரிய காரணம்.

ஒன்று பாக்கி நிற்கிறது. வேகக் கட்டளை ஒருவழிப் பாதை; ஸ்பிண்டில் உண்மையில் ஓடுகிறதா என்று ஆர்டுயினோவுக்குத் தெரியாது. விஎஃப்டி நடுவில் ட்ரிப் ஆனால் நின்றுபோன பிட்டை ஸ்டெப்பர்கள் மரத்துக்குள் இழுத்துக்கொண்டே போகும். விஎஃப்டியில் பழுது ரிலேக்கான முனைகள் உண்டு, ஜிஆர்பிஎல்லில் அச்சுகளை நிறுத்தி வைக்கும் ஃபீட் ஹோல்டுக்கு ஏ1 பின் உண்டு. சாதாரணமாகத் திறந்திருக்கும் காண்டாக்டை ஏ1-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே போட்டால், ட்ரிப் ஆன கணம் மூன்று அச்சும் நின்றுவிடும். அதற்கான இரண்டு கோர் ஷீல்டட் ஒயரை டக்டில் இழுத்து, இரண்டு முனையிலும் பெயர் எழுதி வைத்திருக்கிறது. ஏ1 பின்னுக்கும் லிமிட் பின்களைப் போலவே கெபாசிட்டர் போட்ட பிறகு இணைக்க வேண்டும்.